கறுத்த மணலும் தைப்பூச விருந்தாளிகளும்

2.2.2025, ஞாயிறு

தைப்பூசத்துக்கு ஈப்போவிலிருந்து மைத்துனர் குடும்பம் வருகிறது. திரைச்சீலை, பூஜை விளக்கு, வாசற்படி என்று பினாங்கு ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் வீடு முழுவதும் துலக்கப்பட்டுவிட்டது. மனைவியின் பட்டியலில் மிச்சம் இருப்பது கூடத்து மீன்தொட்டி. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாகத்தான் இருக்கிறது, மணல்தான் அழுக்கு என்கிறாள். அவள் சொல்வது பாதி சரி.

தொட்டி மூன்றடி நீளம், ஏறக்குறைய 180 லிட்டர். பக்கவாட்டுக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தால் மணலின் அடுக்குகள் தெரியும். மேலே வெளிர் மஞ்சள். வெளிச்சம் எட்டும் வரை கண்ணாடியை ஒட்டிப் பச்சைப் பாசி. பின்மூலையில், மோட்டார் தள்ளும் நீரோட்டம் மணலை ஒரு சாண் அகலத்துக்கு மேடாக்கி வைத்திருக்கும் இடத்தில், மை கொட்டியதுபோல் கறுப்புத் திட்டுகள். சாப்ஸ்டிக் ஒன்றை எடுத்து மெல்லக் குத்தினேன். முத்து முத்தாகக் குமிழிகள் கிளம்பி மேலே வந்து உடைந்தன. அழுகிய முட்டை நாற்றம் குபீரென்று அடித்தது. அடுப்படியிலிருந்து, “என்னங்க, முட்டை ஏதாவது உடைந்துவிட்டதா?” என்று குரல் வந்தது.

மணல் இறுகினால் கீழே ஆக்சிஜன் போகாது. ஆக்சிஜன் இல்லாமலே பிழைக்கும் பாக்டீரியாக்கள் அங்கே குடியேறி, நீரில் உள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக்குகின்றன. நாற்றம் அதனுடையது, அது இரும்போடு சேர்வதால் வருவது கறுப்பு. எல்லாக் குமிழியும் நாறாது என்பதையும் சொல்லவேண்டும். மீன் கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரேட்டைச் சிதைத்து வெறும் நைட்ரஜனாக வெளியேற்றும் பாக்டீரியாக்களும் அதே இருட்டில்தான் இருக்கின்றன. அவை நமக்கு நல்லதே செய்கின்றன.

3.2.2025

கீழ்மாடி அண்ணன் யோசனை சொன்னார்: பழைய மணலைக் கொட்டிவிட்டு, பத்து ஃபிரிங்கி கடற்கரையில் ஒரு வாளி அள்ளி வா, காசா பணமா? கடல் மணலில் சிப்பித்தூள் கலந்திருக்கும். அது சுண்ணாம்பு, மெல்லக் கரைந்து நீரைக் கடினமாக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு பிடி மணலில் வினிகர் ஊற்றிப் பார்க்கலாம், நுரைத்தால் வேண்டாம். என் தொட்டியில் இருப்பவை ஹார்லிகுவின் ரஸ்போராக்கள். இந்த மலாய்த் தீபகற்பத்தின் சதுப்புக் காட்டு ஓடைகளில், இலைச்சாறு ஊறிய மென்மையான நீரில் வாழும் இனம். அண்ணனிடம் இதையெல்லாம் விளக்கவில்லை. சரிங்க அண்ணே என்றேன்.

8.2.2025, சனி

இன்று வேலை முடிந்தது. கை இன்னும் ஊறிப்போய் இருக்கிறது.

முதலில் மோட்டாரை நிறுத்தினேன். ஓடவிட்டுக்கொண்டே மணலைக் கலக்கினால் துகள்கள் உள்ளே போய் விசிறியை அரைத்துவிடும். பிறகு ரப்பர்க் குழாய். கூழாங்கல் போட்ட தொட்டியில் குழாயை உள்ளே குத்தி உறிஞ்சலாம். மணலில் அப்படிச் செய்தால் வாளியில் வந்து விழுவது மணல்தான். குழாய் வாயை மணலுக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்தி, தோசைமாவு தேய்ப்பதுபோல் வட்டம் போடவேண்டும். மீன் கழிவும் மட்கிய இலையும் இலேசானவை, பழுப்புப் புகையாக எழுந்து குழாய்க்குள் போய்விடும். மணல் கனம், எழுந்த இடத்திலேயே விழும். தப்பித்தவறி மணல் குழாயில் ஏறினால், பெருவிரலால் குழாயை ஒரு நொடி மடக்கினால் போதும், பாதி வழியில் நின்று திரும்பி இறங்கிவிடும். இதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. வாளி நிறைவதைக்கூட மறந்துவிடலாம்.

கறுப்பு மூலையை முழுவதும் புரட்டவில்லை. மேட்டை மட்டும் ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்து, நாலு செ.மீ. உயரத்துக்குக் குறைத்தேன். அடியில் கிடப்பதைச் சிறிது சிறிதாக, வாரத்துக்கு ஒரு பகுதி என்று சாப்ஸ்டிக்கால் கிளறினால் போதும். மொத்தத்தையும் ஒரே நாளில் கலக்கினால், தேங்கியிருக்கும் நஞ்செல்லாம் மீன்கள் மூச்சுவிடும் நீரில்தான் சேரும்.

குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய கால அட்டவணைகள் நமக்குப் பொருந்தாது என்பது என் கட்சி. 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். மதிய வெயிலில் நம் தொட்டி தொடும் 30 டிகிரியில் ஏழரைதான். சூடு ஏற ஏற அழுகலும் வேகமாகிறது. அவர்களுக்கு ஒரு மாதம் தாங்கும் மணல் நமக்கு அவ்வளவு தாங்காது.

கால்வாசி நீர் போனது, அதே அளவு புதுநீர் வந்தது. குழாய் நீரில் குளோரின் உண்டு, அதை நீக்கும் மருந்து கலக்காமல் ஊற்றினால் மணலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களும் சாகும். இதே காரணத்தால் இந்த வாரம் ஃபில்டர் பஞ்சைத் தொடப்போவதில்லை. பஞ்சிலும் அதே பாக்டீரியாக்கள்தான், இரண்டையும் சேர்த்துக் கழுவினால் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்ன ஆளிருக்காது. அழுக்கு நீர் முழுவதும் பால்கனி மிளகாய்ச் செடிக்கும் கறிவேப்பிலைக்கும்.

10.2.2025

ரதங்கள் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பும் நாள். தேங்காய் உடைத்துவிட்டு மத்தியானம் வீடு திரும்பிய மைத்துனர், நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டியை ஆராய்ந்தார்.

“மச்சான், அந்த மூலையில் இன்னும் கறுப்பு தெரிகிறதே. மணலை மொத்தமாக எடுத்து வெந்நீரில் அலசியிருக்கலாமே?”

மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதவேண்டியதில்லை. 2024 ஜனவரியில் பினாங்கில் தண்ணீர் தடைபட்டிருந்த நாள்களை நினைவூட்டினேன். அப்போது தொட்டிக்கு ஒரு சொட்டுப் புதுநீர் ஊற்றவில்லை, ஒரு மீனும் சாகவில்லை. காப்பாற்றியது இந்த அழுக்கு மணலில் ஊறிய பாக்டீரியாதான் என்றேன். மைத்துனர் தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

இரவு விளக்கை அணைத்தபின் அவர் மகனைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினேன். மணல் அசைந்தது. ஒவ்வொரு இடமாகப் புடைத்து, கூம்பு கூம்பாக நத்தைகள் முளைத்தன. பகலெல்லாம் உள்ளே புதைந்து மணலை உழுதுவிட்டு இருட்டில் மேயக் கிளம்பும் நத்தைகள். வெளிநாடுகளில் மலேசியாவின் பெயரில் காசுக்கு விற்கிறார்கள். இங்கே நீர்ச்செடி வாங்கினால் வேரோடு சும்மா வருகிறது. ஆண் துணை இல்லாமலே குட்டி போடும். தீனி மிஞ்சினால் பெருகும், குறைத்தால் அடங்கும். ஆகவே எண்ணிக்கை கூடினால் நத்தையைத் திட்டாமல் தீனி போடும் கையைத்தான் பிடிக்கவேண்டும். எங்கள் வீட்டில் அது என் அம்மாவின் கை, அதனால் யாரும் பிடிப்பதில்லை.

“மாமா, இவைதான் கூட்டுகிறவர்களா?” என்றான் பையன். உழுகிறவர்கள், கூட்டுவது நான் என்றேன்.

12.2.2025

காலையில் ஈப்போவுக்குக் கிளம்பினார்கள். பள்ளி விடுமுறை இன்னும் சில நாள் மீதம் என்பதால் பையனுக்கு அவசரமில்லை. ஜாம் பாட்டிலில் நத்தைகளைப் போட்டுக்கொண்டுதான் காரில் ஏறுவேன் என்று நின்றான். நீரும் ஒரு பிடி மணலும் போட்டுக் கொடுத்தேன். மூடியைத் தளர்வாக வைக்கச் சொன்னேன். மைத்துனர் வீட்டில் தொட்டி கிடையாது. பினாங்குப் பாலம் தாண்டுவதற்குள் அதற்கான பேரம் தொடங்கியிருக்கும்.