அனுப்புநர், பெறுநர், படகு நம்பர்

பத்தாம் வகுப்பில் தமிழ் இரண்டாம் தாள் இருந்த காலத்து ஆள் நான். அதில் ஒரு கடிதம் கட்டாயம். தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர் வரவில்லை என்று ஏதாவது ஒன்று. அனுப்புநர், பெறுநர், பொருள், கடைசியில் உறைமேல் முகவரி. நோட்ஸைப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டுப் போகிற கேள்வி. இன்று ராமநாதபுரத்தில் வக்கீலாக நான் சாப்பிடும் சோறு அந்தக் கேள்வி போட்டது.

ராமேஸ்வரம் பக்கத்து மீனவர் ஊரான தங்கச்சிமடத்துப் பிள்ளைகளுக்குத் தெருவிளக்கெல்லாம் எதற்கு என்று தமிழ் ஐயாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "பக்கத்து வீட்டுப் படகை இலங்கை நேவி பிடிச்சிட்டுப் போயிருச்சு. கலெக்டருக்கு மனு எழுதுங்க" என்றார். வகுப்பில் பாதிப் பேருக்கு அது கற்பனை இல்லை. கண்ணீரும் கம்பலையுமாக எழுதி நீட்டினோம். வாசித்துவிட்டுச் சொன்னார்: "அழுகையை ரெண்டாவது பக்கத்துல வைங்க. படகு நம்பர் என்ன, கடலுக்குப் போக மீன்துறையில டோக்கன் என்னைக்கு வாங்குனது, உள்ள எத்தனை பேரு? ஆபீசர் கண்ணு முதல்ல அதைத்தான் தேடும்."

அந்த மனு எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம் என்றால் ஞாயிறு சாயங்காலமே "பாப்பா, ஒரு மனு எழுதிக் குடும்மா" என்று அக்காமார் வந்துவிடுவார்கள். வீட்டுக்காரர் யாழ்ப்பாணம் சிறையில் இருப்பார். ஊர்காவற்றுறை கோர்ட்டில் வாய்தா இருக்கும். நம்பர் கேட்டால் முழிப்பார்கள். கூட வந்த பொடியன் 'ஐஎன்டி டிஎன் 10 எம்எம்' என்று தொடங்கிக் கடகடவென்று ஒப்பிப்பான்.

மார்க் இருக்கிறது என்பதற்காக ஃபர்ஸ்ட் குரூப்பில் தள்ளினார்கள். ப்ளஸ் டூவில் போட்ட இன்டெக்ரேஷனை இன்றுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. பிறகு சட்டம் படிக்கப் போனேன். வீட்டில் நடந்த சண்டை தனிக்கதை.

இப்போது என்னிடம் வருவதில் மனதை அறுப்பது, கடலில் காணாமல் போனவர்களின் வழக்கு. ஏழு ஆண்டு ஒரு தகவலும் இல்லை என்றால்தான் இறந்தவராகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பழைய சாட்சியச் சட்டத்தில் 108ஆம் பிரிவு. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் 111. அதுவரை வாரிசுச் சான்றும் இழுக்கும், பேங்க் பணமும் இழுக்கும். அந்த ஏழு ஆண்டை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் சிக்கல். "மாதா கோயில் கொடியேத்தத்துக்கு மறுநாள்" என்பார்கள் வீட்டில். டோக்கன் ஒரு தேதி சொல்லும். கடைசியாகப் பார்த்தவர் யார் என்று தேடி அலைய வேண்டும்.

அப்படி ஒரு வழக்கில் சாட்சியாக வந்து நின்றான் என் வகுப்புத் தோழன். ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. அப்பாவோடு போய்விட்டு மறுநாள் தூங்குவான், அட்டெண்டன்ஸில் பாதி ஆப்சென்ட். பத்தாவதோடு படிப்பு நின்றது. இப்போது விசைப்படகு டிரைவர். பிரமாணப் பத்திரத்துக்கு நான் கேட்கக் கேட்கச் சொன்னான்: என்ன கிழமை, எத்தனை பாகம் ஆழத் தண்ணீர், கச்சான் காற்று எந்நேரம் ஏறியது, அந்தப் படகு இவனுக்கு எந்தப் பக்கம் நின்றது. ஒன்றைக்கூட மாற்றிச் சொல்லவில்லை. எத்தனையோ படித்த சாட்சிகளைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு சுத்தமாக யாரும் சொன்னதில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டியவன், "பரீட்சையில இதைக் கேட்டிருந்தா நானும் பாஸ் ஆயிருப்பேன்ல?" என்றான்.