ஏழு லட்சம்

"பதினாலு லட்சம் போடுங்க தம்பி, நிலம் இருக்குல்ல" என்று அந்த உரக்கடை முதலாளி சொன்னதைவிட, அதற்கு நான் சொன்ன மறுமொழியே மூன்று ஆண்டுகளாக என்னை உறுத்துகிறது.

கும்பகோணத்து ஆடிட்டர் அலுவலகத்தில் வருமான வரிப் படிவம் நிரப்புவது என் வேலை. அந்த முதலாளிக்குத் திருவையாற்றுப் பக்கம் ஒன்றரை வேலி, அதாவது 10 ஏக்கர் நஞ்சை. குறுவை, தாளடி என இரண்டு போகமும் பொய்க்காமல் போகத்துக்கு ஏக்கருக்கு 30 மூட்டை நெல் கண்டாலும், 60 கிலோ மூட்டைக் கணக்கில் 36 டன். அன்றைய கொள்முதல் விலைக்கு எட்டு லட்சத்தைச் சுற்றித்தான் வரும். நடவுக் கூலி, உரம், அறுவடை இயந்திர வாடகை போகப் பாதி நின்றாலே பெரிது. கடையின் லாபத்தைத்தான் வயலில் விளைந்த, வரியில்லாத வருமானமாகக் காட்டச் சொன்னார்.

"ஐயா, விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் நிலத்தின் அளவு, பின்கோடு, பாசனம் எல்லாம் கேட்பார்கள். பதினாலு நிற்காது" என்றேன்.

"அப்ப எவ்வளவு நிக்கும்?"

"ஏழு."

அது பொய் என்று சொல்லியிருக்க வேண்டிய இடத்தில், அகப்படாத பொய்யின் அளவைச் சொல்லிவிட்டேன். பாதியாகவாவது குறைத்தேனே என்று தேற்றிக்கொள்வேன். அன்று பிற்பகலே, மாதந்தோறும் சம்பளத்தில் வரி பிடிக்கப்பட்ட ஆசிரியை ஒருவர் அதற்கான சான்றான படிவம் 16-உடன் எதிரில் வந்து உட்கார்ந்தது நினைவுக்கு வந்தால் அந்தத் தேறுதல் நிற்பதில்லை.

விவசாய வருமானத்துக்கு வரி விதிக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பு மாநிலங்களிடம் விட்டிருக்கிறது. வருமான வரிச் சட்டமும் அதற்கு விலக்களிக்கிறது. நிலவுடைமைக்கு வரி வேண்டும் என்று, விவசாய வரியை ஆராய்ந்த கே.என். ராஜ் குழு 1972-இல் பரிந்துரைத்தும், மத்திய அரசு செய்தது மற்ற வருமானத்துக்கான வரி விகிதத்தைக் கணிக்க மட்டும் விவசாய வருமானத்தையும் கூட்டிக்கொள்வதுதான். பெரிய தொகைகளையாவது வரிக்குள் கொண்டுவர வேண்டும் என்றே அன்று நினைத்தேன், இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் என் அண்ணன் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார். கிராமத்துச் சாகுபடிப் பதிவேடான அடங்கலில் அவர் பெயர் இல்லை, கதிர் சாய்ந்து முளைவிட்ட ஆண்டின் நட்டத்துக்குத் துண்டுச் சீட்டுகூட இல்லை. வரி என்று ஒன்று வந்தால் முதலில் ரசீது கேட்கப்படுவது அவரிடமாக இருக்குமோ என்று அஞ்சுகிறேன். உரக்கடை முதலாளியிடம் எல்லா ரசீதும் ஒழுங்காக இருந்தன. அவற்றை அடுக்கிக் கோப்பில் வைத்தவன் நான்.