விழாமல் நிற்கப் படும் பாடு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்தத் தடைக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் தங்கச்சிமடத்தில் பகலெல்லாம் படகுக்கு வர்ணம் அடிப்பதும் வலையைச் சரிசெய்வதுமாகப் போகும். இரவில் மட்டும் யாருக்கும் நேரத்தோடு தூக்கம் வராது. சென்ற ஆண்டு அப்படியோர் இரவில், இரவல் வாங்கிய சிறிய புரொஜெக்டர் ஒன்றை மொட்டை மாடியில் வைத்து, கொடிக்கயிற்றில் தாத்தாவின் எட்டு முழ வேட்டியை விரித்துக் கட்டி, கிட்டத்தட்ட நூறு வயதாகிவிட்ட நகைச்சுவைப் படங்களைப் போடத் தொடங்கினேன். கடற்காற்றில் வேட்டி ஆடினால் திரையில் இருப்பவர்களும் சேர்ந்து ஆடினார்கள். அதனால் வலையில் கோக்கும் ஈயக் குண்டுகளை அதன் கரையோரம் வரிசையாகக் கட்ட வேண்டியிருந்தது.

முதலில் போட்டது லாரலும் ஹார்டியும் 1932இல் நடித்த 'தி மியூசிக் பாக்ஸ்' என்ற அரைமணி நேரப் படம். ஒரு பியானோவை நீண்ட படிக்கட்டு வழியாக மேட்டிலுள்ள வீட்டுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும் என்பதைத் தவிர அதில் கதை என்று எதுவும் கிடையாது. அந்தப் படிக்கட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இன்றும் இருக்கிறது. நகைச்சுவைக் குறும்படத்துக்கென்று முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட ஆஸ்கர் விருதும் இந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது. மாடியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்த விவரமெல்லாம் தேவைப்படவில்லை. அவர்களில் பாதிப் பேர் ஐஸ் பெட்டியும் மீன் கூடையும் படகு இன்ஜினும் தூக்கித் தோள் காய்த்தவர்கள். இருவரும் மூச்சு வாங்க மேலே ஏற்றிய பெட்டி கைநழுவி மறுபடியும் படி படியாகக் கீழே இறங்கி ஓடியபோது, பெரியப்பா பாய்ந்து எழுந்து, "கீழ ஒருத்தன் முட்டுக் குடுக்காம மேல இருந்து இழுத்தா எப்படிடா நிக்கும்?" என்று வேட்டியைப் பார்த்துச் சத்தம் போட்டார். ஒருவழியாக மேலே சேர்த்த பிறகு, வண்டியிலேயே சுற்றி வர வேறு சாலை இருக்கிறதே என்று தபால்காரர் சொல்ல, இருவரும் பியானோவை மறுபடியும் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, அந்தச் சாலை வழியாகக் கொண்டுவருகிறார்கள். அந்த இடத்தில் மாடியில் எழுந்த சிரிப்புக்குப் பக்கத்துத் தெரு நாய்கள் குரைக்க ஆரம்பித்தன.

இத்தகைய படங்கள் இன்னும் நிலைத்திருப்பதற்கு, அவற்றை ரசிக்க மொழி தேவையில்லை என்பதையே எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். அது உண்மைதான் என்றாலும் எனக்குப் போதவில்லை. மொழி தேவைப்படாத எத்தனையோ சங்கதிகளைக் கண்டு நாம் சிரிப்பதில்லை. எனக்குத் தெரிந்த காரணத்தை மீன் ஏலத்தில் நின்ற ஒரு காலை நேரத்தில்தான் கற்றுக்கொண்டேன். தரையெங்கும் மீன் கழுவிய தண்ணீர். கையில் சூடை மீன் நிறைந்த கூடை. இடது கால் வழுக்கியது. உடனே விழுந்திருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். ஐயோ என்று ஓடி வந்திருப்பார்கள். நானோ கூடையையும் விடாமல், காலையும் ஊன்ற முடியாமல், ஏலம் கூறுபவரின் தோளைப் பிடிக்கப் போய், அவர் விலகிக்கொள்ள, காற்றில் கையை வீசி இரண்டு மூன்று விநாடி ஒரு நடனமே ஆடிவிட்டு அதன் பிறகுதான் உட்கார்ந்தேன். கூடியிருந்தவர்கள் சிரித்தது அந்த இரண்டு மூன்று விநாடிகளுக்காகத்தான் என்பது வெகுநாள் கழித்தே எனக்கு உறைத்தது.

அன்றிலிருந்து இந்தப் படங்களில் எவரும் விழுவதை நான் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. விழாமல் இருப்பதற்கு அவர்கள் படும் பாட்டைத்தான் பார்க்கிறேன். 1925இல் வந்த 'தி கோல்ட் ரஷ்' படத்தில், புயல் இழுத்துக்கொண்டு போய் மலைவிளிம்பில் பாதி தொங்கவிட்ட மரக்குடிலுக்குள் சாப்ளினும் அவருடைய பருத்த கூட்டாளியும் எழுந்து நடக்கிறார்கள். ஒருவர் அந்தப் பக்கம் போனால் குடில் சாய்கிறது, இருமினால்கூடச் சாய்கிறது. சிறிய வள்ளத்தில் இருவராகப் போய் வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை, அவர்களுடைய உடம்புக்கே அது தெரியும். என் பக்கத்தில் இருந்த தம்பி, தான் உட்கார்ந்திருப்பது சிமெண்டுத் தளம் என்பதை மறந்து மறுபக்கம் சாய்ந்துகொண்டிருந்தான்.

ஹெரால்டு லாயிட் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்கும் 1923ஆம் ஆண்டுப் படத்திலும் நடப்பது இதுதான். 1919இல் புகைப்படத்துக்காகக் கையில் பிடித்திருந்த போலிக் குண்டு உண்மையாகவே வெடித்ததில் அவர் வலது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இழந்துவிட்டார். கையுறைக்குள் செயற்கை விரல்களை வைத்துக்கொண்டுதான் அந்தக் கட்டடம் ஏறும் காட்சியில் நடித்தார். கூரைமேல் அமைத்த அரங்கில், கீழே தெரு தெரியும்படி கோணம் பார்த்து எடுத்த காட்சி அது என்பதைத் தம்பியிடம் முன்னதாகவே சொல்லி வைத்திருந்தேன். அப்படியும் முள் சரியும்போது அவன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

அந்தக் காலத்தவர்கள் கேமராவைத் தள்ளி வைத்து, தலை முதல் பாதம் வரை ஒரே சட்டத்துக்குள் தெரியும்படி, இடையில் வெட்டாமல் எடுத்தார்கள். இப்போது ஒருவர் வழுக்கினால் முதலில் வாழைப்பழத் தோல், அடுத்து முகம், அதற்கடுத்து தரை என்று மூன்று துண்டாக வெட்டி, கூடவே 'டொய்ங்' என்று ஓர் ஓசையையும் போட்டுவிடுகிறார்கள். இடையிலிருந்த தள்ளாட்டம், அதாவது சிரிப்பின் மூலதனம், படத்தொகுப்பு மேசையிலேயே தங்கிவிடுகிறது.

நம்மிடமும் அந்த உடம்பு இருந்தது. எங்களுக்குத் தெற்கே தூத்துக்குடியில் பிறந்த சந்திரபாபு 'சபாஷ் மீனா'வில் இரட்டை வேடத்தில், ரிக்‌ஷாக்காரராகவும் வந்து எலும்பில்லாதவர் போல வளைந்து நெளிந்தார். நாகேஷைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்குப் பின் வந்த காலத்தில் ஒருவர் உதைப்பதும் இன்னொருவர் வாங்குவதுமே நகைச்சுவை என்று ஆகிப்போனதில் எனக்கு வருத்தம் உண்டு, வாங்குபவருக்குத் தள்ளாட நேரமே கொடுக்கப்படவில்லை என்பதால். வடிவேலு மட்டும் அந்த நேரத்தைத் தானாகவே எடுத்துக்கொண்டார். 2001இல் வந்த 'ஃபிரண்ட்ஸ்' படத்தில் சுத்தியல் விழுந்த தலைக்காக, 2019இல் ஊரும் உலகமும் இணையத்தில் பிரார்த்தனை செய்ததை நினைத்துப் பாருங்கள்.

பஸ்டர் கீட்டனைக் கடைசி இரவுக்கென்று எடுத்து வைத்திருந்தேன். 1928இல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தின் இறுதிப் பகுதி முழுவதும் புயல்தான். விமான இன்ஜின்களை வைத்துக் காற்றை உண்டாக்கி எடுத்தார்கள். கீட்டன் அதில் ஒரு முறைகூடச் சிரிப்பதில்லை. சிறுவனாக இருந்தபோது அப்பா அவரை மேடையில் தூக்கி வீசும் வேடிக்கை நாடகம் ஒன்றில் நடித்தவர் அவர். தான் சிரித்தால் பார்ப்பவர்கள் சிரிப்பதில்லை என்பதை அந்த வயதிலேயே கண்டுகொண்டாராம். வீட்டின் முன்சுவர் முழுதாகப் பெயர்ந்து அவர்மேல் விழ, மாடிச் சன்னலின் திறப்பு இருந்த இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்ததால் தப்பிக்கிறார். சுவரும் உண்மையானது, எடையும் உண்மையானது. ஒரு சாண் தள்ளி நின்றிருந்தால் நாம் பார்ப்பதற்குப் படமே இருந்திருக்காது.

தாத்தா தனுஷ்கோடிக்காரர். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலுக்கு அவருக்குப் பதினான்கு வயது. புயல் வருகிற படத்தைப் போடலாமா என்று எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. சுவர் விழுந்தபோது எல்லோரும் 'ஆ' என்று கத்திவிட்டுச் சிரித்தார்கள், தாத்தாவிடம் அசைவில்லை. அதன் பிறகு கீட்டன் காற்றுக்கு எதிராக உடம்பை முழுவதுமாகச் சாய்த்து, காலை எடுத்து எடுத்து வைத்தும் ஓரடிகூட முன்னேறாமல், சாய்ந்தபடியே நிற்கிறார். தாத்தா இருமல் வரும்வரை சிரித்தார். "சரியாச் செய்யிறான்டா. நிமிந்தா தூக்கிரும்," என்றார்.

படம் முடிந்து வேட்டியை அவிழ்க்கும்போது, சுவர் விழுந்த இடத்தில் ஏன் சிரிக்கவில்லை என்று கேட்டேன். ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிக்கொண்டே, "நாங்க ஒதுங்கியிருந்த கட்டடத்துல அந்தப் பக்கம் சன்னல் இல்லப்பா," என்றார்.

மறுநாள் அந்தக் காற்றுப் படத்தையே மறுபடியும் போடச் சொன்னார். சுவர் விழும் இடம் வருவதற்குச் சற்று முன்னால் வெற்றிலைப் பெட்டியை எடுக்கக் கீழே இறங்கிப் போனவர், கீட்டன் சாய்ந்து நடக்கத் தொடங்கும் நேரத்துக்குச் சரியாக மேலே வந்து உட்கார்ந்துகொண்டார்.