பெல்ட் லோடர் இடித்த இரவும், அதை விசாரித்த ஏழு வாரமும்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, மீனம்பாக்கத்தில் நின்றிருந்த ஒரு ஏ320 விமானத்தின் பின்பக்க கார்கோ கதவுக்குக் கீழே பெல்ட் லோடர் போய் இடித்துவிட்டது. பெட்டிகளைச் சரிவாக மேலே ஏற்றும் பட்டை வைத்த வண்டி அது, ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். யாருக்கும் காயம் இல்லை. விரல் நீளத்துக்கு ஒரு நசுங்கல், அவ்வளவுதான். ஆனால் விமானத்தின் தோல் என்பது ஓரிரு மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகடு, மேலே போனதும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் அதை வெளியே தள்ளும், அதனால் இன்ஜினியர் வந்து அளந்து கையெழுத்துப் போடாமல் அது நகராது. அன்றைக்கு நகரவில்லை. பயணிகள் விடியும்வரை நாற்காலிகளில் சாய்ந்து கிடந்தார்கள்.

நான் அப்போது ஒரு கிரவுண்ட் ஹேண்ட்லிங் கம்பெனியில் (தரையில் நிற்கும் விமானத்துக்குப் பெட்டி ஏற்றி இறக்குவது போன்ற வேலைகளைச் செய்யும் கம்பெனி) சேஃப்டி பிரிவில் இருந்தேன். விசாரித்து ரிப்போர்ட் எழுத வேண்டியது என் வேலை, மூன்று நாள் கெடு. ஏழு வாரம் ஆனது. அது ஏன் அவ்வளவு நாள் இழுத்தது, நடுவில் என்ன கற்றுக்கொண்டேன் என்பதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இதே வேலையில் இருக்கும் நிறைய பேர் இன்னமும் மூன்று நாளில்தான் முடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வழக்கம்போல பழைய ரிப்போர்ட் ஒன்றைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றி எழுத ஆரம்பித்தேன். ‘மூல காரணம்’ என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. ‘ஓட்டுநர் கவனக்குறைவாக, விதிமுறையைப் பின்பற்றாமல் வண்டியை விமானத்துக்கு அருகில் கொண்டு சென்றார்.’ அதில் ஒரு எழுத்துகூட மாற்றத் தேவையில்லை. அதற்கு முந்தைய ரிப்போர்ட்டைத் திறந்தேன், அங்கேயும் அதே வாக்கியம். பதினான்கு மாதத்தில் மூன்று இடி, மூன்று வெவ்வேறு ஓட்டுநர்கள், ஒரே வாக்கியம், மூன்றையும் எழுதியது நான். மூன்று பேருக்கும் ஒரே வியாதி வந்திருக்கிறது என்றால் அது அவர்கள் உடம்பிலா இருக்கும், குடிக்கிற தண்ணீரிலா இருக்கும்?

மறுநாள் மேனேஜரிடம் போய் கூடுதல் நேரம் கேட்டேன். அவர் ஏன் ஒத்துக்கொண்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒத்துக்கொண்டார், அதற்காக அவரை எப்போதும் நன்றியோடு நினைப்பேன்.

நங்கநல்லூரில் எங்கள் தெருவிலேயே ஓய்வு பெற்ற ஏர்கிராஃப்ட் இன்ஜினியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்ச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “உன் கேஸை இப்பத் தொடாதேம்மா. உனக்கு அதுல எல்லாரையும் தெரியும், அதனால எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. முதல்ல ஊரறிஞ்ச விபத்து ஒண்ணை எடுத்துப் படம் போட்டுப் பழகு” என்றார்.

படம் என்று அவர் சொன்னது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை) பேராசிரியராக இருக்கும் நான்சி லெவசன் வகுத்த முறையை. அதன் அடிப்படைக் கருத்துக்கு ஸ்டாம்ப் என்றும், அதை வைத்து நடந்துபோன விபத்தை ஆராயும் வழிக்கு காஸ்ட் என்றும் பெயர். எங்கள் பயிற்சியில் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசனின் சுவிஸ் சீஸ் படம் உண்டு, ஓட்டை போட்ட பாலாடைக்கட்டித் துண்டுகள், ஓட்டைகள் நேர்க்கோட்டில் வந்தால் விபத்து என்று. நல்ல படம்தான். ஆனால் அதைப் பார்த்துப் பழகியவர்கள் ஓட்டைகளை எண்ணிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம், எல்லாத் துண்டிலும் ஒரே நேரத்தில் ஓட்டை விழ வைத்தது எது என்று கேட்பதில்லை. லெவசனின் வழி வேறு மாதிரி. பாதுகாப்பு என்பது யாரோ ஒருவர் யாரையோ கட்டுக்குள் வைத்திருப்பது. அரசு விதி போடுகிறது, கம்பெனி அதை நடைமுறையாக எழுதுகிறது, சூப்பர்வைசர் ஆள் போடுகிறார், ஓட்டுநர் வண்டியைக் கட்டுப்படுத்துகிறார். ஒவ்வொன்றும் ஒரு கட்டம். மேலிருந்து கீழே போகும் அம்பு கட்டளை. கீழிருந்து மேலே வரும் அம்பு, அங்கே நிஜத்தில் என்ன நடக்கிறது என்ற செய்தி. விபத்து என்றால் இந்த அம்புகளில் ஏதோ சில அறுந்திருக்கின்றன, அல்லது பொய்யான செய்தியைச் சுமந்துகொண்டிருந்திருக்கின்றன.

நான் எடுத்தது மங்களூர். 2010 மே 22, துபாயிலிருந்து வந்த போயிங் 737 காலை ஆறு மணி வாக்கில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர்தான் பிழைத்தார்கள். விசாரணை நீதிமன்றத்தின் அறிக்கை பொதுவில் இருக்கிறது. அன்றைக்கு எல்லார் வாயிலும் வந்தது ‘பைலட் தூங்கிட்டார்’ என்பதுதான், என் வாயிலும். தூங்கியது உண்மை. கேப்டன் பயணத்தில் நீண்ட நேரம் தூங்கி, விழித்த கொஞ்ச நேரத்திலேயே இறக்க வேண்டியிருந்தது என்று அறிக்கை சொல்கிறது. முதன்மைக் காரணமாகவும், சரியாக அமையாத இறக்கத்தை அவர் கைவிடாமல் தொடர்ந்ததைத்தான் சொல்கிறது.

மாத காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கேப்டனுக்கு ஒரு கட்டம் போட்டேன். அவருக்கு மேலே, பக்கத்தில் என்று கட்டங்களைப் போட ஆரம்பித்ததும்தான் படம் விரிந்தது. மே 20 முதல் மங்களூர் ரேடார் பழுது. அதனால் விமானத்தைக் கீழே இறங்கச் சொன்னது வழக்கத்தைவிடக் கிட்டே வந்த பிறகு, அந்தக் குறைந்த தூரத்துக்கு ஏற்றபடி காக்பிட்டில் இறக்கத்தைத் திட்டமிடவில்லை. உயரம் குறையவில்லை. 8,000 அடிச் சொச்சம் நீளமுள்ள ஓடுபாதையில் சக்கரம் தொட்டது சுமார் 5,200 அடி தாண்டி. அதிகாலை, உடம்பு தானாகவே மந்தமாகும் நேரம். அப்புறம் என்னை மிகவும் உலுக்கியது துணை விமானியின் கட்டம். இறங்க வேண்டாம், மேலே போய்ச் சுற்றி வரலாம் என்று அவர் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். சொன்னார், கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கவில்லை. ஏன்? துணை விமானி எப்போது தானே அந்த முடிவை எடுக்கலாம் என்பது பற்றிய அறிவுறுத்தல்கள் தெளிவில்லாமல் இருந்தது காரணமாக இருக்கலாம் என்று அறிக்கையே சொல்கிறது. அதாவது அவருக்கு ஆபத்து தெரிந்திருக்கிறது, வாயும் திறந்திருக்கிறது, ஆனால் தனக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டிய அம்பு மங்கலாக இருந்திருக்கிறது. அந்தத் தாளைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவதாக எங்கள் தெரு இன்ஜினியர் படிக்கச் சொன்னது கனடாவின் டிரைடன் விபத்து. 1989 மார்ச் 10, ஃபோக்கர் எஃப்28 விமானம், இறக்கையில் பனி படிந்திருக்க அப்படியே கிளம்பி, மேலேற முடியாமல் விழுந்தது. 69 பேரில் 24 பேர் இறந்தார்கள். இறக்கையில் பனியோடு எந்த விமானியாவது கிளம்புவாரா என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த விமானத்தில் இன்ஜினைக் கிளப்ப உதவும் ஏ.பி.யு. வேலை செய்யவில்லை. அந்தச் சின்ன ஊர் விமான நிலையத்தில் வெளியிலிருந்து கிளப்பும் கருவி கிடையாது. ஆக, இன்ஜினை நிறுத்தினால் மறுபடி கிளம்ப முடியாது. இன்ஜின் ஓடும்போது பனி நீக்கும் திரவம் தெளிக்க அனுமதி இல்லை. போதாததற்கு ஒரு குட்டி செஸ்னா இறங்கும்வரை பனியில் காத்திருக்க வேண்டி வந்தது. அதை விசாரித்த நீதிபதி மொஷான்ஸ்கி விமானியோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. அந்த விமான நிறுவனம், அதைக் கண்காணிக்க வேண்டிய அரசுத் துறை என்று மேலே மேலே போய் 191 பரிந்துரைகளைக் கொடுத்தார். ஒரு விசாரணை எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

சரி, இனி என் கேஸ்.

ஓட்டிய பையனுக்கு இருபத்து மூன்று வயது, பொழிச்சலூர். முதல் தடவை ஆபீஸ் அறையில் விசாரித்தபோது, “தப்பு எம்மேலதான் மேடம், கவனிக்கல” என்று ஒப்பித்தான். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அப்படிச் சொன்னால் வேலை போகாது என்று. இரண்டாவது தடவை திரிசூலம் ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில் வைத்துப் பேசினேன். ‘ஏன் இடிச்சே’ என்று கேட்கவில்லை. “அந்த நிமிஷம் இன்னும் இடம் இருக்குன்னு நெனச்சியே, எதை வெச்சு நெனச்சே?” என்று கேட்டேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

“லோடர் முனை ரப்பர் விமானத்துல பட்டா, வண்டி லேசாக் குலுங்கும் மேடம். அதுதான் எங்களுக்குக் கணக்கு. குலுங்கினா நிறுத்திடுவோம்.”

விதிப்படி எந்த வண்டியும் விமானத்தைத் தொடவே கூடாது. வழிகாட்டும் ஆள் நின்று கை காட்ட, நெருங்குமுன் ஒருமுறை முழுசாக நிறுத்தி பிரேக் பார்த்து, இடைவெளி விட்டு நிற்க வேண்டும். ஆனால் எல்லாருமே தொட்டுத்தான் நிறுத்திக்கொண்டிருந்தார்கள், வருடக்கணக்காக. அன்று மாலையே அந்த லோடரைப் போய்ப் பார்த்தேன். முனையில் இருக்க வேண்டிய தடித்த ரப்பர் தேய்ந்து, இரும்பு விளிம்பு எட்டிப் பார்த்தது, அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். கையால் அழுத்திப் பார்த்தேன், மெத்தென்றே இல்லை. மாற்று ரப்பர் கேட்டு மூன்று மாதத்துக்கு முன்பே எழுதிய சீட்டு ஸ்டோரில் இருந்தது. வண்டியை ஓரங்கட்டினால் அந்த ஷிப்டுக்கு வேறு லோடர் இல்லை.

வழிகாட்டும் ஆள் எங்கே என்றால், அடுத்த பேயில் (‘பே’ என்றால் ஒரு விமானம் நிற்கும் இடம்). கோடையில் ரோஸ்டரை, அதாவது யாருக்கு எங்கே எப்போது வேலை என்ற பட்டியலை, மாற்றியபோது இரண்டு ‘பே’க்கு ஒரு ஆள் போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள், இரண்டு விமானங்களுக்கும் நடுவில் முக்கால் மணி நேரம் இருக்கிறது என்ற கணக்கில். கணக்கு தப்பில்லை, மழை வராத வரைக்கும். அன்றைக்கு மழையில் இரண்டும் தாமதமாகி ஒன்றாக வந்து நின்றன. சூப்பர்வைசர் போனில், “சீக்கிரம் ஏத்து, டிலே நம்ம தலையில விழும்” என்றிருக்கிறார். அவரையும் உட்கார வைத்துப் பேசினேன். அவருக்கு மேலே இருந்து தினமும் காலையில் வரும் கேள்வி ஒன்றே ஒன்று, எத்தனை நிமிடம் தாமதம். வேறு எதையும் யாரும் அவரிடம் கேட்டதே இல்லை.

எல்லாவற்றையும் சார்ட் பேப்பரில் வரைந்தேன். கீழே போகும் அம்புகள் கொத்தாக இருந்தன: விதி, சுற்றறிக்கை, பயிற்சி, நேரம். மேலே வரும் அம்புகள் இரண்டே இரண்டு. ஒன்று சூப்பர்வைசர் நிரப்பும் செக்லிஸ்ட், அதில் ‘வழிகாட்டும் ஆள் இருந்தார்’ என்று தினமும் டிக், அந்த ராத்திரியும் டிக். இன்னொன்று சேஃப்டி ஆடிட். அந்தக் கட்டத்தில் என் பெயர்.

இடி நடப்பதற்கு ஐந்து வாரம் முன்பு நான்தான் அந்த இரண்டு ‘பே’யிலும் ஆடிட் செய்திருந்தேன். காலை பத்து மணிக்கு, முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு. எல்லாரும் இருந்தார்கள், பிரேக் பார்த்தார்கள், இடைவெளி விட்டார்கள். ‘திருப்தி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு மழையில் அங்கே என்ன நடக்கிறது என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியாமல் போனதற்கு அந்தக் கையெழுத்தும் ஒரு காரணம். இதை ரிப்போர்ட்டில் எழுதலாமா என்று இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. எழுதினேன். எழுதாமல் சூப்பர்வைசரின் டிக்கை மட்டும் எழுதியிருந்தால், பழைய வாக்கியத்தில் ஓட்டுநர் பெயருக்குப் பதில் சூப்பர்வைசர் பெயரைப் போட்டதாகத்தான் ஆகியிருக்கும்.

இதே வேலை செய்பவர்களுக்கு ஒன்று. பேட்டி எடுக்கும்போது, பேசுகிறவர்மேல் நடவடிக்கை வருமா வராதா என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். நான் வாங்காமல் போனதால்தான் முதல் இரண்டு வாரம் வீணாய்ப் போனது. விமான விபத்து விசாரணைக்கான சர்வதேச விதி, ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் 13ஆம் இணைப்பு, விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழியையோ பொறுப்பையோ சுமத்துவது அல்ல என்று சொல்கிறது. அந்த வரியை அச்செடுத்து மேனேஜரிடம் காட்டித்தான் அந்தக் கடிதத்தை வாங்கினேன். வாங்கிய பிறகுதான், ஏற்கெனவே இரண்டு தடவை இப்படி லேசாகப் பட்டு யாரும் சொல்லாமல் விட்ட கதை வெளியே வந்தது. முன்பு ஒருவன் தானாக வந்து சொன்னதற்கு அவனை ஒரு வாரம் வேலை கொடுக்காமல் உட்கார வைத்திருக்கிறார்கள், அதற்கப்புறம் யார் சொல்வார்கள்?

ரிப்போர்ட் பதினொரு பக்கம் வந்தது. ரப்பர் இரண்டே நாளில் மாற்றினார்கள். ரப்பர் தேய்ந்த லோடரை ஓட்டக் கூடாது என்று ஓரங்கட்டும் அதிகாரத்தை ஓட்டுநருக்கே கொடுக்க ஒரு மாதம் ஆனது. ஆடிட் இப்போது ராத்திரியிலும் உண்டு, சொல்லாமல். ஒரு ‘பே’க்கு ஒரு ஆள் என்ற பரிந்துரையை மட்டும் செலவைக் காரணம் காட்டித் தள்ளிவிட்டார்கள், அதற்குப் பதிலாக ‘ஆள் வரும்வரை வண்டி நகரக் கூடாது’ என்று ஒரு வரி சேர்த்தார்கள். அந்த வரியை எழுதியவர்கள் யாரும் ராத்திரி ஷிப்டில் நின்றதில்லை என்பது எனக்கு இன்னமும் உறுத்தல்தான்.

அடுத்த வருடம் கார்த்திகை மாதம் ஒரு நாள், ராத்திரி ஒன்றரைக்கு அந்தப் பொழிச்சலூர் பையனிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி. பின்னால் மழைச் சத்தம். “மேடம், கைட் அண்ணன் அடுத்த பேயில மாட்டிக்கிட்டாரு. நான் வண்டிய நிறுத்தி வெச்சிருக்கேன். சொல்லணும்னு சொன்னீங்கல்ல, அதான்.” அந்த விமானம் ஏழு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. அந்த ஏழு நிமிடத்தை யார் கணக்கில் எழுதுவது என்று மறுநாள் காலைக் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசினோம், முடிவாகவில்லை.