கலவைக்கு லாரித் தண்ணீர்

திருப்பூரில் சாயக்கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் கட்டுமானத்தில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்த முதல் மாதத்தில், நான் கையெழுத்திட்ட ரசீதுகளில் பாதிக்கு மேல் தண்ணீர் லாரிகளுடையவை. வளாகத்திலேயே போர் போட்டிருந்தோம், தண்ணீரும் தாராளமாக வந்தது. ஆனால் கொத்தனார்களுக்குத் தலைமையாக இருந்த மேஸ்திரி அதை உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல கலவை போட்டா கம்பி துருப்புடிச்சுப் போயிருமுங்க சார்" என்றார். நான்கு நாள் கழித்து வந்த ஆய்வக அறிக்கையும் அதையே சொன்னது: கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு, இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 விதி, உப்பின் கூறான குளோரைடை லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைதான் அனுமதிக்கிறது. எங்கள் போர்த் தண்ணீர் அதைக் கடந்திருந்தது.

அந்த உப்பு சாயப்பட்டறைகளிலிருந்து வந்தது. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்காகத் தொட்டியில் கொட்டப்படும் உப்பு துணியில் தங்குவதில்லை. அலசும் நீரோடு முழுவதுமாக வெளியேறிவிடுகிறது. மழைமறைவுப் பகுதியான இங்கே, ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் நொய்யலில் சொந்த நீரே ஓடாததால், அதை நீர்க்கச் செய்ய ஆற்றாலும் முடியவில்லை. பாசனத்துக்கென நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது இப்படித்தான்.

தண்ணீரை விலைக்கு வாங்கிய பிறகும் காற்று எங்களை விடவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் வீசும் காற்று, புதிதாகப் போட்ட கான்கிரீட்டின் மேல்ஈரத்தை ஒரு மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். தார்ப்பாய் கட்டச் சொல்லியும் ஒப்பந்ததாரர் செலவைக் காரணம் காட்டி மறுத்த ஒரு நாளில், காலையில் போட்ட தளத்தில் உச்சிவேளைக்குள் மயிரிழை விரிசல்கள் வலை போலப் படர்ந்திருந்தன. அதன் பிறகு தார்ப்பாய் வந்தது. ஈரச்சாக்கு போர்த்தி நீராற்றும் காலத்தையும் ஏழு நாளிலிருந்து பத்து நாளாக நீட்டினோம்.

தொட்டிகளின் கசிவுச் சோதனைக்கு ஒவ்வொன்றையும் விளிம்புவரை நிரப்பி ஒரு வாரம் மட்டத்தைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு தொட்டிக்கும் புதுத் தண்ணீர் வாங்கக் கட்டுப்படியாகாது என்பதால், ஒன்றில் சோதனை முடிந்ததும் அதே நீரை அடுத்ததற்கு இறைத்தோம். மட்டம் குறைவது கசிவாலா வெயிலாலா என்ற குழப்பம் வேறு. பக்கத்தில் ஒரு டிரம்மில் நீர் நிரப்பி வைத்து, தினமும் காலையில் அதில் எத்தனை மில்லிமீட்டர் குறைந்தது என்று குறித்துக் கழித்துப் பார்த்தோம். அந்த நிலையத்தில் நான் கற்றவற்றில் இன்றும் பயன்படுவது இந்த டிரம்தான்.

பார்வையாளர்கள் எப்போதும் காற்றூட்டும் தொட்டியின் முன் நின்றுதான் படம் எடுத்துக்கொள்வார்கள். அங்கே நுண்ணுயிரிகள் அழுக்கைத் தின்னும். கரைந்திருக்கும் உப்பை அவற்றால் எதுவும் செய்ய முடியாது. வறண்ட நாட்டில் சுத்திகரிப்பின் கடினமான பாதி அதற்குப் பிறகே தொடங்குகிறது. சொட்டு நீரும் வெளியேறக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் உத்தரவிட்டதால், ஆர்.ஓ. சவ்வுகள் நல்ல நீரைப் பிரித்த பின் மிஞ்சும் அடர் உப்புநீரை ஆவியாக்கியே தீர வேண்டும். பல நிலையங்களில் ஆவியாக்கிகள் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை நீதிமன்றம் மூட வைத்தது.

எங்கள் வரைபடத்தில் வெயிலில் காயவைக்கும் பாத்திகளும் இருந்தன. வடிவமைத்தவர்கள் நல்ல நீர் ஆவியாகும் வேகத்தை வைத்துப் பரப்பளவைக் கணக்கிட்டிருந்தார்கள். உப்பு அடர அடர அந்த வேகம் குறையும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மேலே வெள்ளை ஆடை கட்டிக் காய்ந்தது போலிருந்த பாத்தியில் குச்சியை இறக்கினால், அடியில் பழுப்பு நீர் அப்படியே நின்றது.

ஆவியாக்கியில் கிடைத்த, சாயமேற்ற மீண்டும் உதவும் உப்பான சோடியம் சல்பேட்டைப் பட்டறைகள் திரும்ப வாங்கிக்கொண்டன. எதற்கும் உதவாத கலப்பு உப்பு மட்டும் மூட்டை மூட்டையாகக் கிடங்கில் ஏறியது. நான் அந்த வேலையை விட்டு வந்தபோது மூன்றாவது கிடங்குக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அதன் கலவைக்கு லாரி தேவைப்படவில்லை, நிலையத்தின் ஆர்.ஓ. நீரையே குழாயில் இழுத்துக்கொண்டார்கள்.