பூங்காவுக்கு ஒரு பட்டியல், ஏரிக்கு வேறொரு பட்டியல்

மாநகராட்சி வட்டத்தின் ஒவ்வொரு பகுதியிலும் மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் ‘பகுதி சபை’யின் அடுத்த கூட்டத்தில் முன்வைப்பதற்காக எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் பூங்காக்கள், நீர்நிலைகள் தொடர்பான கோரிக்கைகளைத் திரட்டி வருகிறது. தென்சென்னையில், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு அருகில் வசிப்பவர்கள் நாங்கள். இதுவரை வந்தவற்றில் நடைபாதைக்குப் புதிய கற்கள், உடற்பயிற்சிக் கருவிகள், அலங்கார விளக்குகள், நீரூற்று ஆகியவையே முன்னிற்கின்றன. காலையில் நடக்க வருபவர்களிடம் மட்டும் கேட்டால் இவைதான் வரும். அதில் அவர்கள் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் பூங்காவுக்கு வர இயலாதவர்களின் தேவை இந்தப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என் கவலை.

எங்கள் தெருப் பூங்காவை நண்பகலில் பூட்டிவிடுகிறார்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் இரண்டு வீடுகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் பூட்டிய கதவுக்கு வெளியே, நடைமேடையில் அமர்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறார்கள். “உள்ள அவ்ளோ நெழல் இருக்குதும்மா, எங்களுக்குத்தான் இல்ல” என்று அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். உணவு விநியோகிக்கும் இளைஞர்களும் வண்டியை ஓரங்கட்டி அதே சுவரோரத்தில்தான் இளைப்பாறுகிறார்கள். ஆகவே என் முதல் கோரிக்கை, பூங்கா பகல் முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்பது. அடுத்தது, தண்ணீர் வரும், உள்ளே தாழிடக்கூடிய, நாள்தோறும் கழுவப்படும் கழிப்பறை. அது இல்லாததால்தான் மூதாட்டிகளும் கர்ப்பிணிகளும் வந்த சற்று நேரத்தில் வீடு திரும்புகிறார்கள். நீரூற்றுக்கு ஒதுக்கும் பணத்தைத் துப்புரவுப் பணியாளரின் ஊதியத்துக்கு ஒதுக்கினால் பூங்காவின் முகமே மாறும்.

நடைபாதைக் கற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்ற முறை கல் பதித்தபோது அங்குள்ள புங்க மரத்தின் அடிவரை சிமெண்டு பூசிவிட்டார்கள். இப்போது வேர் கற்களைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வழியின்றி வாயிலைத் தாண்டித் தெருவுக்கு ஓடுகிறது. 2016 டிசம்பரில் வீசிய வர்தா புயலில் இந்நகரம் ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. வேர் பரவ மண் விடாத மரம் காற்றைத் தாங்குவது கடினம். எனவே ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் வெறும் மண் விட்டுவைப்பதும், காய்ந்த இலைகளை எரிக்காமல் அங்கேயே மக்கவிடுவதும், புதிதாக நடுவதானால் பூவரசு, மகிழம், நீர்மருது போன்ற நம் மண்ணின் மரங்களை நடுவதும் செலவு குறைந்த, பயன் மிகுந்த வேலைகள்.

ஏரிக்கும் சதுப்புநிலத்துக்கும் இதே பட்டியலைக் கொண்டுபோகக் கூடாது என்பதையே நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பூங்காவில் மனிதரின் தேவை முதலில் வரலாம். நீர்நிலையில் நீருக்குத்தான் முதலிடம். ஒரு காலத்தில் பல ஆயிரம் ஹெக்டேர் பரந்திருந்த பள்ளிக்கரணையில் குப்பைமேடும் சாலைகளும் கட்டடங்களும் போக எஞ்சியதில் ஒரு பகுதி 2007-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தென்புறநகர் ஏரிகளில் நிரம்பி வழியும் நீர் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. அந்த வழி சுருங்கினால் என்ன ஆகும் என்பதை 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இப்பகுதி மக்கள் இடுப்பளவு நீரில் நின்று அறிந்திருக்கிறோம். அப்படியிருக்க, ஏரியை அழகுபடுத்துவதாகச் சொல்லி உட்புறம் மண் கொட்டிக் கரையை அகலப்படுத்தி நடைபாதை போடுவது, நீர் நிற்கும் இடத்தை நாமே குறைத்துக்கொள்வதாகும்.

‘சுத்தப்படுத்துங்கள்’ என்ற கோரிக்கையையும் கவனமாக எழுத வேண்டும். ஆகாயத்தாமரையை அகற்றத்தான் வேண்டும். ஆனால் கழிவுநீர்க் குழாய்களை அடைக்காமல் அதை மட்டும் அள்ளினால் அடுத்த ஆண்டும் அது மண்டும். கோரைப்புல்லோ களை அன்று. அதன் ஓரத்தில்தான் முக்குளிப்பான் மிதக்கும் கூடு கட்டுகிறது. கூட்டை விட்டு நீங்கும்போது ஈரப் பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போகும் பறவை அது. பொக்லைன் ஓட்டுபவருக்கு அந்தக் கூடு வெறும் குப்பைக் குவியலாகத்தான் தெரியும்.

பெரிய மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் விதி. பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்துப் பெங்களூருக் குடியிருப்பாளர்கள் தொடுத்த வழக்கில், அந்த ஒதுக்கீடு செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அண்டை வீட்டாருக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு என்பதையும் ஏற்றுக்கொண்டது. ஆகவே எங்கள் வட்டத்தில் உள்ள ஒவ்வொரு திறந்தவெளி நிலத்திலும் சர்வே எண்ணும் பரப்பளவும் எழுதிய பலகை வைக்கக் கோருவோம். ஏரிக் கரைகளில் எல்லைக்கல் நடுவதையும் அத்துடன் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கூட்டத்தை வேலைநாள் காலையில் நடத்தாமல் ஞாயிறு மாலையில் நடத்தும்படி சங்கச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். அந்தக் கதவோரத்தில் அமரும் பெண்களும் அப்போது வர முடியும் என்று சொல்லியிருக்கிறார்கள்.