நாலு வேளை

நவம்பர் 6, திங்கள்
அந்தப் பூனை இன்றும் மோட்டார் ரூம் பின்னால்தான் இருந்தது. இடது கண் முழுக்க ஒட்டிப்போயிருக்கிறது, மஞ்சள் பீளை. வலது கண்ணில் நீர் மட்டும். நான் நின்ற கொஞ்ச நேரத்துக்குள் ஏழெட்டுத் தும்மல். "தானா சரியாயிடும் மா" என்கிறார் வாட்ச்மேன் அண்ணன். போன வாரமும் இதேதான் சொன்னார்.
கண் ஆபரேஷன் ஆன அம்மாவுக்கு 6 வேளை சொட்டு. ஆறுக்கும் அலாரம் வைத்தாயிற்று.

நவம்பர் 7
கருவாட்டுக்குக்கூட எழுந்து வரவில்லை.

நவம்பர் 8, புதன்
மூக்கு அடைத்திருந்தால் பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் வாயே வைக்காது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரலுக்கு ஆபத்து. மத்தி மீனை வேகவைத்து, ஆவி பறக்கக் கொண்டுபோனேன். நாலு வாய் தின்றது.
அந்தத் தைரியத்தில் துண்டில் சுற்றி, தலையை மட்டும் வெளியே விட்டு, கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். மூக்குப் பக்கமிருந்து வெளியே, ஒரு தடவைக்கு ஒரு பஞ்சு. கண் திறந்தது. பாதிக் கண்ணை இளஞ்சிவப்பாக ஒரு சவ்வு மூடியிருந்தது. அது மூன்றாம் இமையாம், பூனைக்கு உண்டு. எனக்கு இது தெரியவே தெரியாது.
பையில் அம்மாவின் சொட்டு மருந்து இருந்தது. கண் மருந்துதானே, ஒரு சொட்டுதானே என்று மூடியைத் திறந்தேன். கையைக் கீறிவிட்டு ஓடிவிட்டது. பாட்டில் சாக்கடைப் பக்கம் உருண்டது.
கையைச் சோப்புப் போட்டுக் குழாயடியில் 15 நிமிஷம் கழுவினேன். அப்புறம் அரசு ஆஸ்பத்திரி. ரேபீஸ் தடுப்பூசிக்கு இன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

நவம்பர் 9
"புது பாட்டில், அதுக்குள்ள தீந்துடுச்சா? என்னடி பண்ணின?" கீழே விழுந்துவிட்டது என்றேன். பொய் இல்லை.

நவம்பர் 10, வெள்ளி
வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி. இரண்டு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துக் கட்டி ஆட்டோவில் கொண்டுபோனேன். வழி முழுக்கக் கத்தல்.
டாக்டர் ஆரஞ்சு நிறக் காகிதம் ஒன்றைக் கண்ணில் ஒற்றினார். விளக்கை அணைத்துவிட்டு நீல வெளிச்சம் அடித்தார். கருவிழியில் கடுகளவு பச்சைப் புள்ளி. அது புண். புண் இருக்கிற இடத்தில்தான் சாயம் பிடிக்குமாம்.
அம்மா மருந்தின் பெயரைச் சொல்லி, அதைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். ஆபரேஷனுக்குப் பின் வீக்கம் குறையக் கொடுக்கிற ஸ்டீராய்டு அது. புண்ணில் பட்டால் ஆற விடாது, ஆழமாகிக்கொண்டே போகும், கண்ணே போனாலும் போகலாம் என்றார். நான் கையில் இருந்த கீறலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக் சொட்டு, நாலு வேளை. அநேகமாக ஹெர்பிஸ் வைரஸ். பூனைக்கு மட்டும் வருகிற வகை, நமக்கு ஒட்டாது. ஆனால் ஒருமுறை வந்தால் உடம்பை விட்டுப் போகாது. நரம்புக்குள் பதுங்கியிருந்து, பயமோ அலைச்சலோ வந்தால் மறுபடி தலைதூக்கும்.
ஒட்டாது என்று அம்மாவிடம் மூன்று தடவை சொன்னேன். "சரி, கை கழுவினியா?"

நவம்பர் 11
எனக்கு இரண்டாவது ஊசி. பூனையை மோட்டார் ரூமிலேயே வைத்துப் பூட்டியிருக்கிறேன். நாலு சொட்டில் ஒன்று காதில் விழுகிறது.

நவம்பர் 12, தீபாவளி
அம்மாவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. எண்ணெய்க் குளியல் இல்லாத தீபாவளி அவளுக்கு இதுதான் முதல் தடவையாம், காலையிலிருந்து புலம்பல்.
மோட்டார் போட யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள். அதே நேரம் பார்த்து லட்சுமி வெடி. போய்விட்டது.
காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 மட்டும்தான் வெடிக்க அனுமதி. எங்கள் தெருவுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கார்களுக்கு அடியிலெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தேன். நாலு வேளையும் போயிற்று. புண் எந்த அளவில் இருக்கும்? கடுகு, மிளகு என்று மனசு சமையலறை சாமானாக எண்ணிக்கொண்டிருக்கிறது.

நவம்பர் 13
இல்லை.

நவம்பர் 14
கறுப்புக் கண்ணாடியோடு பால்கனியில் நின்ற அம்மா, "அந்தச் சிவப்புக் கார் அடியில வெள்ளையா என்னமோ தெரியுதுடி" என்றாள். அதேதான். எலும்பும் தோலுமாக. இந்த முறை துண்டில் சுற்றும்போது திமிறவே இல்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 15
மூன்றாவது ஊசி. கதவுக்கு வேறு பூட்டு. சாவி என்னிடம் ஒன்று, அண்ணனிடம் ஒன்று.

நவம்பர் 17
மறுபடி வேப்பேரி. பச்சை இருக்கிறது, ஆனால் ஊசிமுனை அளவுதான். ஆறினாலும் வெள்ளையாக ஒரு தழும்பு நிற்கலாம் என்றார் டாக்டர். நிற்கட்டும்.

நவம்பர் 20, திங்கள்
இன்றிலிருந்து அம்மாவுக்கும் நாலு வேளை. இரண்டும் ஒரே அளவு பாட்டில், இரண்டுக்கும் வெள்ளை மூடி. பூனையுடையதில் சிவப்பு நூல் கட்டினேன். திறந்த தேதியை இரண்டின்மேலும் எழுதிவைத்தேன், ஒரு மாதம் ஆனதும் தூக்கிப் போட வேண்டும். ராத்திரி எழுந்து போய் நூல் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. திரும்ப ஒரு தடவை பார்த்தேன்.
"அது சாப்பிட்டுச்சா?" அம்மா கேட்டது, அம்மா வாயால்.

நவம்பர் 21
மழை. மோட்டார் ரூமுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கூடையைத் தூக்கிப் படிக்கட்டில் வைத்தேன். மேல்வீட்டுக்காரர் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 22
தும்மல் மறுபடி. வலது கண்ணில்